குளத்துக்குக் கூட்டம் உண்டு, கிணற்றுக்கு?

(பொது அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்துத் தண்ணீர் என்று வாய் திறந்ததும் பேச்சு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குப் போய்விடுகிறது. கிளிநொச்சி தருமா, தராதா? தந்தால் எவ்வளவு? இந்தக் கேள்வி பல ஆண்டுகளாக வடக்கின் கூட்டங்களில் எத்தனையோ பேரை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது. இன்று நானும் அங்கே போகத்தான் போகிறேன். அதற்கு முன் எங்கள் காலுக்குக் கீழே கிடக்கும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் பேச விரும்புகிறேன். அதை விளங்கிக்கொள்ளாமல் இரணைமடுவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. அது மாரியில் சில வாரங்கள் ஓடி அராலிப் பக்கம் கடனீரேரியில் விழுந்துவிடும். மற்றபடி நாங்கள் குடித்ததும் குளித்ததும் தோட்டத்துக்கு இறைத்ததும் எல்லாம் சுண்ணக்கல்லுக்குள் தங்கிய மழைநீரையே. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழைதான் எங்கள் வருமானம். ஆண்டு மழை சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில் இருக்கிறது. செம்பாட்டு மண் அந்த மழையை வேகமாக உள்ளே விடும். கீழே இருக்கும் சுண்ணக்கல் வெடிப்பும் பொந்துமாக இருப்பதால், ஓரிடத்தில் விழுந்த நீர் எங்கெங்கோ போய்ச் சேரும். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்று பாட்டிமார் சொன்ன கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்தத் தேசிக்காய்க்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனாலும் நிலத்துக்கடியில் நீர் ஓடித் திரிகிறது என்ற அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. என் வளவுக் கிணறும் உங்கள் வளவுக் கிணறும் ஒரே நீரைத்தான் தொடுகின்றன.

இந்த நன்னீருக்குக் கீழே பாறைத்தட்டு இல்லை, கடல்நீர் இருக்கிறது. மழைநீர் பாரம் குறைந்தது, உப்புநீர் பாரம் கூடியது. ஆகவே எண்ணெய் தண்ணீரின் மேல் மிதப்பதுபோல நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்து, கரைகளை நோக்கி மெலிந்துபோகும் அந்தப் படையை நன்னீர் வில்லை என்கிறோம். குடாநாட்டில் இப்படி நான்கு பெரிய நீர்ப்படுகைகளைப் பிரித்துச் சொல்வார்கள்: சுன்னாகத்தை மையமாகக் கொண்ட வலிகாமப் படுகை, தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை. இவற்றில் பெரியது வலிகாமத்தினுடையது. மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் அதன் மேல்தான் விளைகின்றன. நீர்வழங்கல் திட்டங்களும் அதிலிருந்தே இறைக்கின்றன.

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒல்லாந்தில் கைபன் என்பவரும் ஜேர்மனியில் ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்டறிந்தது அது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டம் ஒரு அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி மேலே வரப் பார்க்கும். கிணற்றில் தண்ணீர் இருக்கும், குடிக்க முடியாது. மற்ற இடங்களில் கிணறு வற்றியதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் கிணறு வற்றுவதற்கு முன்னரே கெட்டுவிடுகிறது. தேத்தண்ணி கரிக்கும். வீட்டுக்காரர் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்குவார். அப்போதும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் நீர் தளும்பிக்கொண்டுதான் இருக்கும்.

முன்னோர் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் இல்லை. அவர்கள் இறைத்த முறை அதற்கு உட்பட்டு இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டையைக் கவிழ்க்க, இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவார். மூன்று பேரின் உடம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் ஒரு நாளில் கிணற்றிலிருந்து ஏறும். விடிவதற்கு முன் தொடங்கி வெயில் ஏற நிறுத்துவார்கள். இரவு முழுவதும் கிணறு ஊறும். 1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெய் இயந்திரம் பரவலாக வந்தது. 1970களில் அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தோட்டக்காரன் கையில் முதன்முறையாக நல்ல காசு புழங்கியது. பிள்ளைகள் படித்தார்கள், கல்வீடுகள் எழுந்தன. அந்தக் காசை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த உழைப்பில் படித்து ஆளானவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பார்கள். ஆனால் துலா விதித்திருந்த எல்லை அந்த ஆண்டுகளில் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொரு எல்லையை நாங்கள் வைக்கவில்லை.

இங்கே ஒரு பழைய ஏற்பாட்டை நினைவுபடுத்த வேண்டும். உங்கள் வீட்டுக் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். நிலத்தின் எல்லைகளுக்குப் பிறகு கிணற்றில் இத்தனை பங்கு, வழிவாய்க்காலில் இத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்றுகூட இருக்கும். பங்குக்காரர் முறை வைத்து இறைத்தார்கள். முறை தவறினால் சண்டை வரும், ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், வழக்கும் வரும். தண்ணீரைப் பகிரத் தெரியாத சமூகம் என்று எங்களை எவரும் சொல்ல முடியாது.

ஆனால் இதை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டால் அது பொய்யாகிவிடும். பங்கு காணி உள்ளவனுக்குத்தான் இருந்தது. காணி இல்லாதவர்களுக்கு, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு, அதே கிணற்றுக் கட்டில் காலடி வைக்கவும் அனுமதி இருக்கவில்லை. யாராவது அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு தூரத்தில் நின்றார்கள். கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தது சும்மா இல்லை. நாளைக்கு நாங்கள் எந்த நீர் ஒழுங்கைக் கொண்டுவந்தாலும், காணி உறுதி உள்ளவரை மட்டும் பங்காளியாக எண்ணினால் அந்தப் பழைய அநியாயத்தைப் புதிய கடதாசியில் எழுதுகிறோம் என்றே பொருள். கிணறு இல்லாமல் தண்ணீர்ப் பவுசருக்குக் காத்திருக்கும் குடும்பமும் இந்த வில்லைக்குப் பங்காளிதான்.

இப்போது அழுக்கைப் பற்றி. நிலத்தடி நீர் குறைவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது கெடுவதைத் தனிப் பிரச்சினையாக வைக்கிறார்கள். எங்கள் மண்ணில் இரண்டையும் பிரிக்க முடியாது. மழையை வேகமாக உள்ளே விடும் அதே மண் பசளையையும் வேகமாக உள்ளே விடுகிறது. வெங்காயத்துக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குப் போகிறது. வீடு நெருங்கிய பகுதிகளில் ஒரே வளவில் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் மலக்குழி. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று தாய்மார் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். இதை ஒவ்வொரு தாய் சேய் நிலையத்திலும் சொல்ல வேண்டும்.

சுன்னாகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் கண்டதாக மக்கள் முறையிட்டார்கள். 2014, 2015இல் ஊரே தெருவுக்கு வந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2019இல் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு பெரிய விடயம்தான். ஆனால் பணத்தால் கிணற்றைக் கழுவ முடியாது. அந்த ஆண்டுகளில் ஒரு கேள்வி மட்டும் சரியான பதிலில்லாமல் அலைந்தது: எண்ணெய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? சொல்ல முடியவில்லை. ஆண்டாண்டாகத் தொடர்ந்து அளந்த பதிவேடு இல்லாத இடத்தில், நேற்று என்ன இருந்தது என்று இன்று யார் சொல்வது?

இனி இரணைமடு.

நகரக் குடிநீருக்காக ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் வகுக்கப்பட்டபோது, இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் எடுப்பது என்பது திட்டம். குளத்தின் அணைக்கட்டை உயர்த்தினால் விவசாயிக்குக் குறையாது என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள். எடுக்க இருந்த நீர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி கன மீற்றர். குளத்தின் கொள்ளளவு 13 கோடிக்குக் குறையாது. தாளில் பார்த்தால் பதின்மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவுக்கா இந்த எதிர்ப்பு என்று யாழ்ப்பாணத்தில் பலர் கேட்டார்கள்.

கிளிநொச்சி விவசாயிகள் வேறொரு கணக்கைப் பார்த்தார்கள், அந்தக் கணக்கு சரியானது. குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. பெரும்போகத்தில் மழையும் கைகொடுக்கும். சிறுபோகத்தில் குளம் மட்டும்தான். அப்போது எல்லா வயலுக்கும் நீர் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது என்று ஒவ்வொரு ஆண்டும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் அந்தப் பதின்மூன்றில் ஒரு பங்கு பல குடும்பங்களின் சிறுபோகம். நகரத்துக்குக் குழாய் போட்டுவிட்டால் வறட்சியில் அதை மூட எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. விவசாயியின் வாய்க்காலைத்தான் மூடுவார்கள். போர் முடிந்து மீளக்குடியேறி, எல்லாவற்றையும் இழந்த பிறகு கையில் மிச்சமிருந்தது அந்த வயல் ஒன்றுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர்களைத் தன்னலக்காரர் என்று யாழ்ப்பாணத்தில் எழுதியவர்கள் உண்டு. அந்த எழுத்துகள் எனக்கு வேதனை தந்தன.

கடைசியில் திட்டம் கடல்நீரை நோக்கித் திரும்பியது. மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறந்துவைக்கப்பட்டது. மீனவர்கள் தொடக்கத்தில் எதிர்த்தார்கள். செறிந்த உப்புநீர் திரும்பக் கடலில் விழுந்தால் கரைவலைக்கு என்ன ஆகும் என்பது அவர்களின் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஆண்டும் அளந்து பதில் சொல்லும் பொறுப்பு நிலையத்தை நடத்துகிறவர்களுக்கு உண்டு. தீவுப்பகுதிகளில் பவுசரை நம்பியிருந்தவர்களுக்குக் குழாய்த்தண்ணீர் எட்டுமானால் அது பெரிய விடுதலைதான். நான் இந்த நிலையத்துக்கு எதிரானவன் அல்ல.

ஆனால் கடல்நீரை நன்னீராக்க, ஒரு கன மீற்றருக்கு மூன்று முதல் நான்கு அலகு மின்சாரம் தேவை. 2022இல் நாங்கள் மின்வெட்டால் ஒரு நாளில் 13 மணிநேரம் இருளில் இருந்ததை மறக்கவில்லை. அந்த நிலைமையில் கடல்நீர் நிலையம் எப்படி ஓடும்? அன்று யாழ்ப்பாணம் தாகத்தில் சாகாமல் இருந்ததற்குக் காரணம் வளவுக் கிணறும் கப்பியும் கயிறும். குழாய் வந்துவிட்டது, இனிக் கிணறு என்னவானால் என்ன என்று நினைக்கிற நாள்தான் உண்மையான ஆபத்து. குழாய்த்தண்ணீர் குடிப்பதற்கு. தோட்டத்துக்கு இறைப்பது இன்றும் வில்லையிலிருந்துதான். குடாநாட்டில் எடுக்கும் நிலத்தடி நீரில் பெரும்பங்கு விவசாயத்துக்கே போகிறது. எனவே தாளையடியால் சுன்னாகத்துப் படுகையின் பாரம் அதிகம் குறைந்துவிடாது.

சரி, எங்களிடம் உள்ள நீர் எவ்வளவு? குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். 1,250 மில்லிமீற்றர் மழை என்றால் ஆண்டுக்கு 125 கோடி கன மீற்றர். இரணைமடு நிறைந்தால் கொள்ளும் நீரைப்போல எட்டு ஒன்பது மடங்கு எங்கள் தலையில் விழுகிறது. இதில் பெரும்பகுதி ஆவியாகும், மரமும் பயிரும் எடுக்கும். அதற்கு மேலும் கணிசமான பங்கு சில வாரங்களில் வெள்ளமாக ஓடிக் கடலில் விழுகிறது. அதைப் பிடித்து வைக்கத்தான் குடாநாடெங்கும் சிறு குளங்கள் இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றும் மாரியில் நிறைந்து மெல்ல மெல்லக் கீழிறங்கிச் சுற்றியிருந்த கிணறுகளை ஊற வைத்தது. இன்று பல குளங்கள் தூர்ந்துவிட்டன. சிலவற்றின் மேல் கட்டடம் நிற்கிறது. வெள்ளவாய்க்காலை அடைத்து மதில் கட்டியவர்களில் படித்தவர்கள் குறைவில்லை.

பெரிய அளவில் சிந்தித்த ஒருவரையும் நினைக்க வேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை முன்வைத்தார். இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு மேலதிக நீரைக் கொண்டுபோய்க் கொட்டுவது ஆனையிறவுக் கடனீரேரியில். சுண்டிக்குளத்தில் அணை கட்டி அந்த ஏரியைக் கடலிலிருந்து பிரித்தால் அது நன்னீராகும். முள்ளியான் வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்கு விடலாம், அங்கிருந்து உப்பாற்று ஏரிக்கு. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைக் கதவுகள் கடலைத் தடுக்கும். குடாநாட்டின் நடுவே நன்னீர் நின்றால் இருபுறமும் வில்லை தடிக்கும். சில பகுதிகள் கட்டப்பட்டன, சில வெள்ளத்தில் உடைந்தன, பிறகு போர் வந்தது. ஆனையிறவில் யார் எதைக் கட்ட முடியும் அந்த ஆண்டுகளில்?

அந்தத் திட்டம் முழுவதும் இன்றைய நிலைக்குப் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. கடனீரேரியில் இறால் பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன, சுண்டிக்குளத்துக்கு வரும் பறவைகள் இருக்கின்றன. உப்புநீர் ஏரி நன்னீராக எத்தனை மாரி வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் ஆறுமுகம் பிடித்த வழி சரியானது. கிளிநொச்சிக்கு வேண்டியபோது குளத்தில் இருக்கும் நீரைக் கேட்காமல், வேண்டாதபோது கடலுக்கு ஓடும் நீரைக் கேட்டார். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் அதே மாவட்டங்களில் வறட்சி. இரு பகுதியாரும் சண்டையில்லாமல் உட்கார்ந்து பேசக்கூடிய இடம் அந்த வெள்ளநீர்தான்.

நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். இரணைமடுவில் ஒவ்வொரு போகத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. மாவட்டச் செயலகம் கூட்டுகிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்று சொல்கிறார். கமநலத் திணைக்களம் வருகிறது, விவசாயச் சம்மேளனக்காரர் வருகிறார்கள். எந்த வாய்க்காலுக்கு எப்போது, எத்தனை ஏக்கர், எந்த நாளில் விதைப்பது என்று முடிவாகிறது. சத்தம் போடுவார்கள், குறை சொல்வார்கள், முடிவை மீறுகிறவர்களும் உண்டு. ஆனாலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஓர் அளவுகோல் குளத்தில் நிற்கிறது, அதை வைத்துப் பேசுகிறார்கள்.

குடாநாட்டில் ஒரு இலட்சம் கிணறுகள் என்று சொல்கிறார்கள். வலிகாமத்துப் படுகையில் இந்த மாரி எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறைக்கலாம் என்று பேச ஒரு கூட்டம் நடந்ததாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1964இலேயே நாட்டில் நீர்வளச் சபைக்குச் சட்டம் வந்துவிட்டது. நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அளந்தவை அறிக்கைகளில் இருக்கின்றன. தோட்டக்காரன் அதைப் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்தது தன் கிணற்றுப் படிதான். பக்கத்துக் காணியில் குழாய்க்கிணறு இறக்கி ஆழத்திலிருந்து இறைத்தால், அடியிலிருக்கும் உவர் யார் கிணற்றில் முதலில் ஏறும் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

உரிமப் பத்திரம், கட்டணம் என்று கொழும்பிலிருந்து சட்டம் வந்தால் விவசாயி பயப்படுவான். 2000ஆம் ஆண்டையொட்டி வந்த தேசிய நீர்வளக் கொள்கைக்கு நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு அந்தப் பயத்தின் குரல்தான், அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. நான் கேட்பது அதைவிடச் சிறியது, ஆனால் முதலில் செய்ய வேண்டியது. ஒவ்வொரு கமநல சேவைப் பிரிவிலும் குறிப்பிட்ட சில கிணறுகளைத் தெரிவு செய்வோம். அவற்றில் மாதம் ஒருமுறை நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும், போகத்துக்கு ஒருமுறை நைத்திரேற்றையும் அளப்போம். உவர் அளக்கும் கருவி கைக்குள் அடங்கும், ஒரு பாடசாலை வாங்கக்கூடிய விலைதான். பன்னிரண்டாம் வகுப்பு விஞ்ஞான மாணவர்கள் இதைச் செய்வார்கள், பல்கலைக்கழகம் சரிபார்க்கட்டும். எண்களைக் கமநல நிலையத்துச் சுவரில், எல்லோரும் வாசிக்கும்படி, தமிழில் எழுதி ஒட்டுவோம். மாரி முடிந்து தை பிறந்ததும், வெங்காயம் நடுவதற்கு முன், அந்த எண்களை வைத்துக் கூட்டம் கூட்டுவோம். தோட்டக்காரர், கிணறு இல்லாதவர், பிரதேச சபை, விடுதி நடத்துகிறவர், எல்லோரும் வரட்டும். இந்த ஆண்டு மழை குறைவு, இத்தனை பரப்புக்கு மேல் வேண்டாம், மிச்சத்துக்கு நீர் குறைவாகக் குடிக்கும் பயிர் போடுவோம், தூவல் நீர்ப்பாசன முறைக்கு மாறுகிறவருக்கு உதவி கொடுப்போம் என்று பேசட்டும். முதல் ஆண்டு சண்டைதான் வரும். வரட்டும்.

இந்த மாரி தொடங்கும்போது அளக்கத் தொடங்கினால் அடுத்த புரட்டாதிக்குள் ஒரு முழு ஆண்டின் கணக்கு எங்கள் கையில் இருக்கும். எவ்வளவு பெய்தது, எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறைத்தோம், எந்தக் கிணற்றில் உவர் முன்னேறியது என்று அதில் எழுதியிருக்கும். அதற்குப் பிறகு கிளிநொச்சிச் சம்மேளனத்தாரோடு வெள்ளநீரைப் பற்றிப் பேசப் போகலாம். உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். அந்தக் கணக்கை மேசையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவோம்.